நாய்க்குட்டி ஏன் நடக்க மறுக்கிறது?

நம் தஞ்சைச் சீமையின் கிராமங்களில் நாய்க்கு நடை பழக்குவது என்றால் சிரிப்பார்கள். அங்கே நாய் களத்து நெல்லுக்குக் காவல் இருக்கும். வளர்ப்பவர் வரப்பில் நடந்தால் பின்னாலேயே ஓடும். அதன் கழுத்தில் கயிறு ஏறுவதே அபூர்வம். பேருந்தும் மோட்டார் சைக்கிளும் ஓயாத நகரத் தெருவில் அப்படி விட முடியுமா? ஆகவே நான்கு மாதக் குட்டியான எங்கள் மணிக்குக் கழுத்துப்பட்டை கட்டி, சங்கிலி மாட்டி, வாசலுக்கு அழைத்து வந்தோம். பத்தடி நடந்தது, பிறகு உட்கார்ந்துவிட்டது. இழுத்தோம், படுத்துவிட்டது.

சண்டி மாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். சண்டி நாயை அப்போதுதான் கண்டோம். ஒரு வாரம் இப்படியே இழுபறி நடந்தது. அதற்குள் அதன் பாதம் உராய்ந்து இரத்தம் கசிந்தது. "இது தேறாது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்துவிடலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். நாங்கள் அழுதோமே தவிர, மறுமொழி சொல்லத் தெரியவில்லை. குறுக்கே வந்தவர் அப்பாயிதான். "இந்த இழுப்பு இழுக்கிறீங்களே, அது காலைத் தூக்கிப் பாத்தீங்களாடி?" என்றார்.

பார்த்தோம். முன்காலின் விரலிடுக்கில் ஒரு நெருஞ்சி முள் இருந்தது. அதன் பக்கத்திலேயே இரண்டு உண்ணிகள் இரத்தம் குடித்துப் பருத்திருந்தன. எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றோம். அங்கே மருத்துவர் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

நடக்க மறுக்கும் குட்டியை முதலில் நோயாளியாகக் கருதிச் சோதிக்க வேண்டும். முள், நகக்காயம், உண்ணி இவற்றைத் தேட வேண்டும். உண்ணி வெறும் அரிப்போடு போவதில்லை. அது பரப்பும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, கால்களை நீட்டி மடக்கவே வருந்தும். அடுத்தது எலும்பு. நெல் விளையும் நாடு என்பதால் குட்டிக்கும் சோறும் கஞ்சியுமே போடுகிறோம். வளரும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் போதாது. கால்கள் வளைந்து நடை வலிக்கும். அதற்காக மருத்துவரைக் கேளாமல் சுண்ணாம்புச் சத்து மருந்தை ஊற்றுவதும் தவறு. மிகுந்தாலும் கெடுதிதான். பிறகு வெயில். புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாமோ செருப்புப் போட்டிருக்கிறோம்.

முள்ளை எடுத்து, உண்ணி மருந்திட்டு, காயம் ஆறிய பின்னும் மணி நடக்கவில்லை. எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆற்றுக்கு அப்பால் என்ற பேச்சு மறுபடியும் எழுந்தது. அப்பாவிடம் பத்து நாள் தவணை கேட்டு வாங்கினோம்.

கழுத்தைப் பிடித்து முன்னே இழுத்தால் நாய் பின்னே சாயும். நம்மை யாராவது முதுகில் தள்ளினால் விழாமலிருக்க நாமும் எதிர்த்து ஊன்றுகிறோம் அல்லவா, அது போலத்தான். 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லவ் இதைத் தம் ஆய்வுக்கூடத்திலேயே சந்தித்தார். அவருடைய நாய்களுள் ஒன்று, வெளியே சாதுவாக இருக்கும். மேடையில் வாரிட்டு நிறுத்தினால் மட்டும் அமைதியிழந்து எச்சில் வடிக்கும். கட்டை எதிர்க்கும் இயல்பே இதற்குக் காரணம் என்று கண்டு, அதற்குச் சுதந்திர அனிச்சை என்று பெயரிட்டார். அவர் கட்டை இறுக்கவில்லை. மேடையில் நிற்கும்போது மட்டுமே அதற்கு உணவு கொடுத்தார். முதலில் சரியாக உண்ணாமல் மெலிந்த நாய், நாளடைவில் தட்டைக் காலி செய்தது. கட்டும் பொறுத்துப் போயிற்று.

நாம் பட்டினி போட வேண்டியதில்லை. கனத்த சங்கிலியைக் கழற்றி, மெல்லிய பருத்திக் கயிற்றைக் கட்டினோம். சோறு உண்ணும் நேரத்தில் அதை மணி வீட்டுக்குள்ளேயே இழுத்துத் திரிந்தது. நான்கு நாளில் கயிற்றை மறந்துவிட்டது! கழுத்துப்பட்டையை விட மார்போடு அணியும் பட்டை நல்லது, தொண்டையை நெரிக்காது.

எஞ்சியிருந்தது அச்சம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் பல்லாண்டு நாய்க்குட்டிகளை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர், 1965-இல் தம் முடிவுகளை நூலாக்கினர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை பழகுபவற்றையே குட்டி எளிதில் ஏற்கிறது என்பது அதன் சாரம். மணி வைக்கோல் போரின் அடியில் பிறந்தது. எங்கள் கொல்லையில் வளர்ந்தது. பேருந்தின் ஊதலை அது எப்போது கேட்டது? அந்த வாரங்களில் தடுப்பூசி முடிந்திராது என்பதால், பார்வோ நோய்க்கு அஞ்சித் தெருவில் விடவும் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டியிருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவில்லை.

மருத்துவர் சொன்ன உபாயம் ஒன்று மிகவும் உதவியது. குட்டியைத் தூக்கிச் சென்று, ஐம்பதடி தள்ளி இறக்கிவிட்டு, வீட்டை நோக்கி நடக்கவிட வேண்டும். வீட்டை விட்டுப் போக மறுக்கும் குட்டி, வீட்டுக்குத் திரும்ப மறுப்பதில்லை. நின்றால் இழுக்காமல், கயிற்றைத் தளர்த்தி, பக்கத்தில் குந்தி அழைத்தோம். நாலடி வந்தால் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு. (கருவாடு ஆகாதா என்று தங்கை கேட்டாள். உப்பு ஆகாது.) தூரத்தை நாள்தோறும் சிறிது கூட்டினோம், ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை. ஒன்பதாம் நாள் மணி தெருமுனை வரை தானாக நடந்தது. அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கயிற்றை அவரே எடுத்தார்.

புது ஆற்றுப் பாலம் மட்டும் இன்னும் வசப்படவில்லை. மேட்டூர் திறந்து கால்வாயில் தண்ணீர் இரைந்து ஓடும் மாதங்களில் மணி பாலத்தருகே நின்றுவிடுகிறது. நாங்களும் சற்று நின்று, வந்த வழியே திரும்பிவிடுகிறோம். தை பிறந்து, அணை மூடி, தண்ணீர் வடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.