பதப்படுத்திய தோலும் பதப்படாத காலும்



மழைக்காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எந்த டேனரிக்குப் போனாலும், அடுக்கி வைத்த வெட் புளூவில் பூசணம் பூத்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலை. அதற்கென்றே மருந்து போடுகிறார்கள். ஆனால் அந்தத் தோலைத் தூக்குகிறவரின் கால்விரல் இடுக்கில் பூத்திருக்கும் பூஞ்சைக்கு யார் மருந்து போடுவது? டிரெயினிங் போய் வந்த நம்ம பசங்களிலேயே சிலர் இன்னும் சொறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

"தோலில் இருக்கிற பூசணம்தானே நமக்கு ஒட்டுது?" என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. அங்கே பூப்பது ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் மாதிரியான, பழைய ரொட்டியில் பூக்கும் வகையறா. படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோஃபைட்டானின் சாப்பாடே வேறு. அது தின்பது கெரட்டின். முடி, நகம், மேல்தோல் எல்லாம் கெரட்டின்தான். லைமிங்கில் சோடியம் சல்பைடு போட்டுக் கரைத்துத் தள்ளுகிறோமே, அதேதான்! மிச்சமிருக்கும் கொலாஜனில் இதற்கு வேலையில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்க வேர்த்து ஊறும் நம்ம காலில்தான் இதற்கு விருந்து.

இவை எங்கே குடியிருக்கின்றன? சில வகை மனிதரிடம் மட்டும். ஹாஸ்டலில் நாலு பேர் ஒரே துண்டில் துடைத்தால் போதும், பரவிவிடும். சில வகை மாடு, பூனை, நாய் மேல். சில வகை மண்ணில், உதிர்ந்த முடியையும் இறகையும் தின்றுகொண்டு. தேமலை உண்டாக்கும் மலசீசியாவோ எல்லார் உடம்பிலும் எப்போதும் இருக்கிறது. வேர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடினால் தலைதூக்கும். தேமல்காரனைப் பார்த்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

மண்ணில் வாழும் வேறொரு பூஞ்சையால் நம் மதுரைக்கு உலகப் பெயர். நல்ல பெயர் அல்ல! 1842-ல் அங்கே கில் என்ற டாக்டர் எழுதிவைத்த நோய்க்கு 'மதுரைக்கால்' என்றே பெயர் வந்துவிட்டது. வெறுங்காலில் முள் குத்தும்போது பூஞ்சை உள்ளே போகிறது. பாதம் வருஷக்கணக்கில் வலியில்லாமல் வீங்கும், சீழோடு குருணை குருணையாக வரும், கடைசியில் எலும்பையே அரிக்கும். பாக்டீரியாவாலும் இதே நோய் வருவதுண்டு. 2016-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. ஒரு ஜோடி செருப்பு இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வெளிநாட்டுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் நம்ம வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். அரிப்பு என்றதும் கடையில் கேட்டு வாங்கும் டியூப் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மூன்றே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சை அடங்காது, அடியில் படரும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். டெர்பினஃபின் மாத்திரைக்குப் பல நேரம் மசியாத ஒரு வகை இந்தியாவில் பரவி, 2020-ல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று நம் நாட்டின் பெயரையே வாங்கிவிட்டது. டியூபைப் பிரித்தால் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடி வைத்துவிட்டு, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ சி.எம்.சி.யிலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தை அவர் சொன்ன வாரம் வரைக்கும் விடாமல் போட வேண்டும்.

அங்கே தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காரத்தில் கெரட்டின் இளகிக் கரைய, பூஞ்சை இழைகள் மட்டும் நூல் நூலாகத் தெரியும். நம்ம லைமிங்தான், ஒரு கண்ணாடித் துண்டு அளவுக்கு!