நாய்க்கு எது ஒத்துக்கொள்ளும்?

செல்லப்பிராணிக் கடைகளில் ‘சென்சிட்டிவ் ஸ்டொமக்’ என்று அச்சிட்ட உணவுப் பைகளுக்குத் தனி அடுக்கே இருக்கிறது. அடிக்கடி பேதி, அவ்வப்போது வாந்தி, ஓயாத வாயு, வயிற்றுக்குள் கடமுடா சத்தம், தட்டைக் கண்டாலே முகம் திருப்புதல் என எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர் அது. நோயின் பெயர் அல்ல. காரணம் பாலாக இருக்கலாம், கொழுப்பாக இருக்கலாம், தினமும் போடும் கோழிக்கறியாகவே இருக்கலாம், உணவுக்குச் சம்பந்தமில்லாத குடற்புழுவாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் பையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் காசுதான் கரையும்.

மலம் சொல்லும் சேதி

கால்நடை மருத்துவர் முதலில் விசாரிப்பது மலத்தைப் பற்றித்தான். நல்ல மலம் உருவம் கலையாமல் திரண்டிருக்கும். அள்ளினால் தரையில் அதிகம் ஒட்டாது. நாளுக்கு இரண்டு மூன்று முறைதான் போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறது, நாயும் மெலிந்துகொண்டே வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை, முக்கி முக்கிப் போய், சளியும் செந்நிற ரத்தமும் கலந்திருந்தால் பெருங்குடலில். முன்னதற்கு எளிதில் செரிக்கிற, கொழுப்பு குறைந்த உணவு உதவும். பின்னதற்குப் பலசமயம் நார்ச்சத்தைக் கூட்டினாலே குணம் தெரியும். வேகவைத்து மசித்த பரங்கிக்காயை ஒன்றிரண்டு கரண்டி சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

சில நாய்கள் விடிகாலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாகக் கக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஓடியாடும். இரவு முழுக்க இரைப்பை காலியாகக் கிடக்கும்போது பித்தநீர் மேலேறி அதை உறுத்துவதால் வருவது இது. இதற்கு உணவை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். படுக்கப் போகுமுன் ஒரு பிடி கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சோறும் பாலும்

நாய் ஓநாயின் வாரிசு, அதற்கு இறைச்சிதான் ஆகும், சோறு ஆகாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. நாயின் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி அநேகமாக இல்லை என்பது உண்மைதான். அந்த வேலையைக் கணையம் பார்த்துக்கொள்கிறது. கணைய அமைலேஸுக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகள் இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரை அண்டி வாழ்ந்து, அவர்கள் உண்டதைத் தானும் உண்ட காலத்தில் சேர்ந்த சொத்து அது. ஆகவே நன்றாக வெந்த சோறு பெரும்பாலான நாய்களுக்கு எளிதில் செரிக்கும்.

பால் கதை வேறு. குட்டி வளர வளர, பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுக்கிறது. கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. பால்சோறு தின்ற நாய்க்குப் பேதியாவது இப்படித்தான். தயிர் உறையும்போது லாக்டோஸில் ஒரு பங்கு தீர்ந்துவிடுவதால், பால் சேராத நாய்களில் சில தயிர்சோற்றைத் தாங்கிக்கொள்ளும்.

கொழுப்பு இவை இரண்டையும்விட ஆபத்தானது. விருந்து மிச்சம், கறிக்கொழுப்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவை ஒரே வேளையில் கணைய அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்களுக்கு இது சீக்கிரம் வரும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். இவை எந்த நாய்க்கும் ஆகாது.

ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒவ்வாமை என்றதும் பலர் அரிசியையோ கோதுமையையோ நிறுத்துகிறார்கள். உணவால் தோல் ஒவ்வாமை கண்ட 297 நாய்களைப் பற்றிய தரவுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, முதலிடத்தில் இருந்தது மாட்டிறைச்சி, 34 சதவீதம். பிறகு பால் பொருள்கள் 17, கோழி 15, அதன் பிறகே கோதுமை 13. நாய் திரும்பத் திரும்பத் தின்று பழகிய புரதத்தின் மீதுதான் உடலின் எதிர்ப்பு திரும்புகிறது.

கண்டுபிடிக்க நம்பகமான வழி விலக்கிப் பார்ப்பதுதான். நாய் இதுவரை தின்றே பார்க்காத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள்: உதாரணமாக மீனும் உருளைக்கிழங்கும். வேறெதுவும் கூடாது. வயிற்றுக் கோளாறு என்றால் இரண்டு மூன்று வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும். தோல் அரிப்பும் இருந்தால் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். குணமான பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, தொல்லையும் திரும்புகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முடியும். நடுவில் தாத்தா தேநீரோடு நீட்டும் ஒரு பிஸ்கட் இத்தனையையும் கெடுத்துவிடும்.

‘ஹைட்ரோலைஸ்டு’ என்று எழுதிய மருத்துவ உணவுகளும் உண்டு. இவற்றில் புரதத்தை முன்கூட்டியே நுண்ணிய துண்டுகளாக உடைத்திருப்பார்கள். தேடப்படுபவரின் படத்தைக் கிழித்துத் துகளாக்கிவிட்டால் காவலருக்கு ஆளைத் தெரியாதல்லவா? நோயெதிர்ப்பு மண்டலமும் அப்படித்தான் ஏமாறுகிறது.

லேபிளில் ஒரு கணக்கு

வயிறு எளிதில் கெடும் நாய்க்குப் பையில் முதலில் பார்க்க வேண்டியது கொழுப்பின் அளவு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. டின் உணவில் கொழுப்பு 5 சதவீதம், உலர் உணவில் 12 சதவீதம் என்று போட்டிருந்தால் டின்தான் மேல் என்று தோன்றும். ஈரப்பதத்தைக் கழித்துப் பாருங்கள். டின்னில் ஈரம் 78 சதவீதம் என்றால் மீதி 22இல் 5 கொழுப்பு. அதாவது சுமார் 23 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10 போக, 90இல் 12. சுமார் 13 சதவீதம்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றினால் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும்.

திடீர்ப் பேதிக்கு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்ல கைவைத்தியம், கோழி மீது சந்தேகம் இல்லாதவரை. அதையே நிரந்தர உணவாக்கினால் கால்சியம் போதாது. வீட்டில் சமைக்கச் சொல்லும் 200 நாய் உணவுச் செய்முறைகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013இல் அலசியபோது, 95 சதவீதத்தில் அவசியமான ஏதோ ஒரு சத்தாவது குறைந்திருந்தது.

உணவால் தீராதவையும் உண்டு. தடுப்பூசி போடாத குட்டி ரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம்; ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஜெர்மன் ஷெப்பர்ட் அள்ளி அள்ளித் தின்றும் எலும்பும் தோலுமாக இருந்தால், கணையம் நொதி சுரக்காத நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு வாழ்நாள் முழுவதும் உணவோடு நொதிப்பொடி கலந்தாக வேண்டும். கறுத்த மலம், நிற்காத வாந்தி, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் மெதுவாக இறங்குவது ஆகியவையும் உடனே மருத்துவரிடம் போவதற்கான அறிகுறிகள். போகும்போது நாய் என்னென்ன தின்றது, எத்தனை முறை கழிந்தது, எப்போது கக்கியது என்று குறித்து எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த மலத்தின் படமும் இருந்தால், எந்தக் குடலில் கோளாறு என்று அங்கேயே பேச்சைத் தொடங்கலாம்.