கீறலால் கீறலை அழிக்கும் கலை

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஆடி ஒன்று இருக்கிறது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதைக் கனவு கண்டு, வேலையைத் தொடங்கிவைத்த பாப்பு 1982-லேயே மறைந்துவிட்டார். கண்ணாடிப் பாளம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆனால் அதைக் குடைந்து, தேய்த்து, மெருகேற்றி ஆடியாக்கியது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடம். ஏ.பி. ஜெயராஜன் அந்தப் பணிக்குத் தலைமை ஏற்றார்.

விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம்தான். அதன் தடிமன் பொதுவாக 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நான்கு சதுர மீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பு முழுவதையும் சுரண்டி எடுத்தாலும் ஒன்றேகால் கிராம் அலுமினியம்கூடத் தேறாது. அடியிலிருக்கும் டன் கணக்கான கண்ணாடிக்கு ஒரே வேலைதான்: அந்த ஒரு கிராம் உலோகம் சரியான வளைவில் கிடக்கும்படி தாங்குவது. வளைவைக் கொடுப்பது தேய்ப்பு.

இந்த மலைக்குத் தேய்ப்பு புதிதில்லை. புதிய கற்கால மக்கள் வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகள் ஜவ்வாது மலைப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. சில ஊர்களில் அவற்றைச் சேர்த்து வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அழகுக்காக மட்டும் அந்தக் கற்கால மக்கள் கல்லைத் தீட்டவில்லை. கல் உடைவது எப்போதும் ஒரு சிறு கீறலின் நுனியில்தான் தொடங்கும். வெட்டும் விளிம்பிலுள்ள கீறல்களை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து நீக்கினால், மரத்தில் ஓங்கி அடிக்கும்போது விரிசல் பிடிக்க இடம் இருக்காது. தீட்டிய கோடரி நீண்ட நாள் உழைக்கும்.

கோடரிக்குப் பகை விரிசல். ஆடிக்குப் பகை சிதறல். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பிலுள்ள மேடு பள்ளங்கள் அதைவிட மிகச் சிறியவையாக இருந்தால், ஒளி அவற்றைப் பொருட்படுத்தாமல் ஒரே திசையில் திரும்பும், பரப்பு பளபளக்கும். பெரியவையாக இருந்தால் ஒளி நாலா பக்கமும் சிதறும், பரப்பு மங்கும். ஆக, பளபளப்பு என்பது மேலே எதையோ பூசிக் கொண்டுவருவதில்லை. பெரிய கீறலைச் சிறிய கீறலால் தேய்த்து, அதை இன்னும் சிறியதால் தேய்த்து, ஒளிக்கே தெரியாத அளவுக்குக் குறைத்துக்கொண்டு போவது.

நியூட்டன் தன் தொலைநோக்கி ஆடியைக் கீலின் மேல் தேய்த்து மெருகேற்றினார். இன்றும் ஒளியியல் கூடங்களில் கீல் உண்டு. மெல்ல அழுத்தினால் குழைந்து கொடுக்கும், வேகமாக இடித்தால் கல்லாக எதிர்க்கும் விசித்திரப் பொருள் அது. மெருகுத் தூளின் துகள்கள் அதில் பதிந்து ஒரே மட்டத்தில் நிற்பதால், எந்தத் துகளும் துருத்திக்கொண்டு ஆழமாகக் கீறாது. மெருகேற்றுவதும் கீறுவதுதான், கீறல்கள் நுண்ணியவை என்பதே வேறுபாடு என்று நியூட்டன் கருதினார். 1901-இல் இயற்பியலாளர் ராலே பிரபு மெருகைப் பற்றி ஆற்றிய உரையில் விஷயம் இன்னும் ஆழமானது என்று காட்டினார். மெருகேறும்போது மேடுகளின் உச்சி தொடக்கத்திலிருந்தே முழுப் பளபளப்போடு இருந்தது. பள்ளங்களின் அடி தீண்டப்படாமலே கிடந்தது. மூலக்கூறு மூலக்கூறாகக் கண்ணாடி போகிறது என்றார் அவர்.

சீரியம் ஆக்சைடு அதற்கும் ஒரு படி மேலே போகிறது. கண்ணாடிக்காரர்கள் மிகவும் நம்பும் இந்தத் தூளின் துகள், தண்ணீரின் துணையோடு கண்ணாடியின் சிலிக்கனைப் பற்றிக்கொண்டு, நகரும்போது அதையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் மெருகு ஏறக்குறைய நின்றே போகும். பாதி இயந்திரவியல், பாதி வேதியியல். சீரியத்தைத் தரும் மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது.

இனி அளவைப் பார்ப்போம். இரண்டு பரப்புகளைத் திசை மாற்றி மாற்றித் தேய்த்தால் இரண்டும் தாமாகவே கோள வடிவத்துக்கு வந்துவிடும். எப்படித் திருப்பினாலும் ஒன்றோடொன்று பொருந்தும் வடிவம் அதுதான். ஆனால் விண்மீனைப் புள்ளியாகக் குவிக்க வேண்டுமானால் கோளம் போதாது, பரவளையம் வேண்டும். காவலூர் ஆடியின் குவியத்தூரம் விட்டத்தைப் போல 3.25 மடங்கு. கணக்குப் போட்டால், நடுவில் ஒரே வளைவு கொண்ட கோளமும் பரவளையமும் விளிம்பில் சுமார் 67 மைக்ரான்தான் விலகுகின்றன. ஒரு தலைமுடியின் தடிமன். அந்த வேறுபாட்டைக் கொண்டுவரும்போது பிழை ஏறத்தாழ 70 நானோமீட்டரைத் தாண்டக்கூடாது. தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இதற்கு 1858-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ கண்ட கத்திமுனைச் சோதனை கை கொடுத்தது. ஒளி குவியும் இடத்தில் ஒரு கத்தியின் விளிம்பை நகர்த்திப் பார்த்தால், ஆடியின் பிழைகள் நிழல் மேடுகளாக எழுந்து நிற்கும். சாதாரணக் கண்ணாடியில் விரலைச் சில நொடிகள் வைத்து எடுத்தால், அந்தச் சூட்டில் உப்பிய இடம்கூட மேடாகத் தெரியும். அதனால்தான் பெரிய ஆடிகளுக்கு வெப்பத்தில் ஏறக்குறைய விரியாத கண்ணாடியைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இவ்வளவு உழைப்பையும் கெடுக்க ஒரு மணல் போதும். ஒரு சொரசொரப்பிலிருந்து அடுத்த நுண்மைக்குப் போகும்போது பழைய தூளின் ஒரே ஒரு பருமனான துகள் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது பரப்பு முழுவதும் கோடு இழுத்துவிடும். பிறகு இரண்டு மூன்று படி பின்னால் போய்த் தேய்க்க வேண்டும். கை, உடை, மேசை, வாளி, எல்லாவற்றையும் கழுவிவிட்டே ஆடிக்காரர்கள் அடுத்த தூளைத் தொடுகிறார்கள்.

உங்கள் காரின் மேலும் இதே விதிதான் ஓடுகிறது. நிறத்தின் மேல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான். காவலூர் ஆடியின் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் இருக்கும் இடைவெளியை விடவும் மெல்லியது. வெயிலில் நிற்கும் கறுப்புக் காரில் சூரியப் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக வலைக்கோடுகள் தெரியும். கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. பிம்பத்தைச் சுற்றி வளையும் திசையில் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. பெரும்பாலும் அவை புழுதித் துணியால் துடைத்ததன் தடங்கள்.

அவற்றை எடுக்கத்தான் பாலிஷர் மெஷின். வெறுமனே சுழலும் ரோட்டரியில், 150 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் பேட் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், விளிம்பு நொடிக்குச் சுமார் 12 மீட்டர் ஓடும்; நடுப்பகுதி ஓடவே ஓடாது. ஓரம் சூடாகும், வளைவுகளில் பெயின்ட் எரியும், ஒரே பாதையில் ஓடிய தடமும் பதியும். டூயல் ஆக்ஷன் மெஷினில் பேட் மையம் விலகிச் சிறு வட்டமடித்தபடியே தன்போக்கில் சுழல்கிறது. 15 மில்லிமீட்டர் வட்டத்தில் நிமிடத்துக்கு 4,500 முறை ஓடும்போது, பேட்டின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் வேகத்தைப் பெறுகிறது. ஒரே தடம் மீண்டும் வருவது அரிது. ஆடிக்காரர் கை திசை மாற்றித் தேய்ப்பதைத்தான் இந்த மெஷின் பேரிங்கும் எதிர் எடையும் கொண்டு செய்கிறது.

இதைச் செகண்ட் ஹாண்டில் வாங்குவது நல்ல யோசனைதான். மோட்டார் நெடுநாள் உழைக்கும். வாங்குமுன் பிளக்கைப் பிடுங்கி, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங்கில் தூசி புகுந்திருக்கிறது. பிறகு ஓடவிட்டு, காற்றுத் துளை வழியே பாருங்கள். கார்பன் பிரஷ்ஷில் சின்ன நீலப் பொறி சாதாரணம். நெருப்பு வளையமாகச் சுற்றினால் ஆர்மேச்சரில் கோளாறு. பிரஷ் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றலாம். பேக்கிங் பிளேட்டின் வெல்க்ரோ நடுவில் உருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆனால் அதே எடையும் அளவும் உள்ள பிளேட் போடுங்கள்; எதிர் எடை அதற்காகவே கணக்கிடப்பட்டது, மாறினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும்.

காற்றுத் துளைகளில் உறைந்த ரப்பிங் காம்பவுண்டைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காற்றால் ஊதி எடுங்கள். மோட்டாருக்குள் தண்ணீர் போகவே கூடாது. மெஷினோடு வரும் பழைய பேட்களை என்ன செய்வது? அவை எந்த வாட்டர் பேப்பரின் தூளை, எந்த ரோட்டு மணலைத் தின்றன என்பது யாருக்கும் தெரியாது. கழுவினாலும் ஸ்பாஞ்சின் கண்ணறையில் ஒரு துகள் தங்கலாம். யோசிக்காமல் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் தனித்தனியே புதுப் பேட் வாங்குங்கள்.

காரை நன்றாகக் கழுவிய பின், டிக்கி ஓரத்தில் ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வலைக்கோடுகள் குறைந்திருந்தால் பானெட்டுக்குப் போகலாம். புதிதாக ஒரு கோடு தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தி, பேட்டைத் தேடுங்கள். குற்றவாளி அதற்குள் இருக்கிறது. போன கிளியர் கோட் திரும்பி வராது. அதனால் தேய்ப்பதைவிடக் கழுவுவதற்கும் பார்ப்பதற்கும் அதிக நேரம் ஒதுக்குங்கள்.