ஆங்கில வினைத்தொடரில் பன்மைப் பெயரும் முன்னிடைச்சொல்லும்

ஆங்கிலம் பயிலும் தமிழர்க்கு அம்மொழியின் பெருஞ்சொற்களினும் சிறுசொற்களே மிகுந்த இடர் விளைப்பன. வினையை அடுத்து நின்று அதன் பொருளைத் திரிக்கும் இச்சிறு சொற்கள் அயல்மொழியாளரைப் பெரிதும் மயக்குவன என்பதனைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எடுத்துரைத்தார். இக்கூட்டுக்களுக்கு இன்று வழங்கும் 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் ஆண்டார். அப்பெயரைத் தமக்குக் கூறியவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவராகிய ஹென்றி பிராட்லி என்றும் குறித்தார். ஆயின், வினையும் முன்னிடைச்சொல்லும் மட்டுமன்றி அவற்றிடையே ஒரு பன்மைப் பெயரும் வந்து, மூன்றும் ஒருசொல் நீர்மையவாய் நிற்கும் தொடர்களும் அம்மொழியில் உள. அன்றாடப் பேச்சில் மிகுதியும் பயில்வன அவை. தமிழ் மொழிபெயர்ப்பைப் பெரிதும் கெடுப்பனவும் அவையே. அவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

'ஐ ஷுக் ஹிஸ் ஹாண்ட்' என்பதனையும் 'ஐ ஷுக் ஹாண்ட்ஸ் வித் ஹிம்' என்பதனையும் அருகருகே வைத்து நோக்குக. நிகழ்ச்சி ஒன்றே, குலுக்கப்பட்ட கைகளின் தொகையும் ஒன்றே. முன்னையதில் கை ஒருமையாய் நின்று செயப்படுபொருளாகின்றது; அது அவனுடைய கை. பின்னையதில் அச்சொல் பன்மையாயிற்று. ஆகவே, அது யாருடையது எனச் சுட்டும் உடைமைச்சொல் நீங்கிற்று. அவனைத் தொடருள் கொணர 'வித்' என்னும் முன்னிடைச்சொல் வந்தது. இம்மூன்று மாற்றமும் ஒருங்கே நிகழ்வன. 'ஹாண்ட்ஸ் வித்' என்பதில் ஒருமையை இட்டால் ஆங்கிலர் செவிக்கு அது பிழையாம். எழுவாய் 'நான்' என்னும் ஒருமையாயிருப்பவும் பெயர் பன்மை ஏற்றது எங்ஙனம்? அப்பன்மை எழுவாயைத் தழுவியதன்று. வினையிற் பங்குகொண்டார் இருவரையும் எண்ணிய பன்மை அது. எண்ணப்பட்டாருள் ஒருவர் எழுவாயாகவும் மற்றவர் முன்னிடைச்சொல்லின் பின்னும் பிரிந்து நிற்கின்றனர்.

நட்பைக் குறிக்கும் தொடரில் இவ்வியல்பு இன்னும் தெளிவாகப் புலப்படும். 'மேக் எ ஃபிரண்ட் ஆஃப் ஹிம்' என்னும் வழக்கில் பெயர் ஒருமை, முன்னிடைச்சொல் 'ஆஃப்'. ஒருவன் மற்றவனை நண்பனாக்கிக்கொள்கின்றான். 'மேக் ஃபிரண்ட்ஸ் வித் ஹிம்' என்பதிலோ பெயர் பன்மை, முன்னிடைச்சொல் 'வித்'; நட்பு இருபாலும் தோன்றுகின்றது. எண் மாறியவழி முன்னிடைச்சொல்லும் மாறியது காண்க. ஒன்றைவிட்டு ஒன்றை மாற்றுதல் இயலாது. 'ஐ ஆம் ஃபிரண்ட்ஸ் வித் ஹிம்' எனவும் ஆங்கிலர் கூறுவர். 'நான் அவனோடு நண்பர்கள்' என அதனைத் தமிழில் அப்படியே கூறின் கேட்போர் நகைப்பர். நம் மொழியில் 'நானும் அவனும் நண்பர்' என இருவரையும் எழுவாயாக்கினாலன்றிப் பன்மை முடிபு பெறாது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் பயனிலைப் பெயர்க்கும் உரிய எண் இயைபு ஈண்டு முறிகின்றது. வழக்கின் ஆற்றல் அத்தகையது.

'வித்' என்னும் இச்சொல்லின் வரலாறும் சுவையுடையது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'எதிராக' என்பதே சிறந்த பொருள். உடனிகழ்ச்சிப் பொருளை உணர்த்தியது 'மித்' என ஒலிக்கும் வேறொரு சொல். பிற்காலத்தே 'வித்' அதன் இடத்தையும் கைப்பற்றிக்கொண்டது. பழஞ்சொல் மறைந்து, மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்பதன் முதலுறுப்பாக மட்டும் எஞ்சிற்று. ஆதலின் நட்புக்கும் பகைக்கும் ஒரு முன்னிடைச்சொல்லே இன்று வருகின்றது. வாள்களைக் குறுக்கிட்டுப் பொருதலைக் கூறும் 'கிராஸ் சோர்ட்ஸ் வித்' என்பதும், அடிதடியில் இறங்குதலைக் கூறும் 'கம் டு புளோஸ் வித்' என்பதும் அதன் பழம்பொருளை நினைவூட்டுவன. தமிழில் மூன்றாம் வேற்றுமை ஒடுவும் இவ்வாறே 'அவனோடு நட்டான்', 'அவனோடு பொருதான்' என இரண்டிற்கும் வருதல் ஒப்புநோக்கத்தக்கது.

பன்மை பொருளையே வேறுபடுத்துதலும் உண்டு. 'ஹாவ் எ வேர்ட் வித்' என்பது ஒருவனிடம் சிறிது பேசுதல். 'ஹாவ் வேர்ட்ஸ் வித்' என்பது அவனோடு சொற்போர் புரிதல். ஒருவன் சொல்லி மற்றவன் கேட்டலொடு அமைவது முன்னது. சொல்லுக்குச் சொல் எதிர்வருவது பின்னது. இதனை அறியாதான் 'அவனுடன் வார்த்தைகளைக் கொண்டிருந்தான்' என்று பெயர்த்தால் சண்டை காணாமற் போய்விடும். நம் மக்கள் 'இருவருக்கும் பேச்சு முற்றிற்று' என்பர். பேச்சு என்னும் பெயர் பன்மையுருபு ஏலாமலே நிற்க, 'முற்றிற்று' என்னும் வினையே பூசலை உணர்த்திவிடுகின்றது.

பங்குகொள்வார் இருவராதல் எல்லாத் தொடர்க்கும் இன்றியமையாததன்று. ஒருவனே க்ரூ சந்திப்பில் இறங்கி வேறு வண்டி ஏறினும் 'சேஞ்ச் டிரெயின்ஸ் அட் க்ரூ' என்றே கூறுவான். விட்ட வண்டியும் பிடித்த வண்டியும் ஆகிய இரண்டையும் அப்பன்மை தழுவும். 'டேக் டர்ன்ஸ் அட்' என்பதில் முறை மாறிமாறி வருதலைப் பன்மை காட்டும். டென்மார்க்கு நாட்டு மொழிநூற் பேரறிஞர் யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் வினைக்கருத்தின் பன்மை என்பதொன்றனை எடுத்தோதினார். பெயரின்மேல் பன்மை தோன்றினும் எண்ணப்படுவது செயலேயாகும் இடங்கள் உள என்பது அதனாற் பெறப்படும். நாம் கூறிவரும் தொடர்களையும் அக்கருத்தின்வழிக் கொள்ளல் தகும்.

'டேக் பெயின்ஸ் ஓவர்', 'மேக் அலவன்சஸ் ஃபார்', 'மேக் அமெண்ட்ஸ் ஃபார்' போல்வன வேறு வகையின; இவற்றில் இருவர்க்கிடையே நிகழும் பரிமாற்றம் இல்லை. இவை எல்லாம் ஒரே அளவில் இறுகியனவும் அல்ல. 'மேக் அலவன்சஸ் ஃபார்' என்பதனைச் செயப்பாட்டு வினையாக்கிப் பெயரை எழுவாயாக முன்கொணர்தல் இயல்பு. 'மேக் ஃபிரண்ட்ஸ் வித்' என்பதனை அவ்வாறு மாற்றின் தொடர் செயற்கையாகிவிடும். 'ஷேக் ஹாண்ட்ஸ்' என்பதன் இடையே அன்பைக் குறிக்கும் பெயரடையைச் செருகுதல் இயலாது. வினையடையாகப் பின்னரே கூறல் வேண்டும். கண்காணித்தலைக் கூறுங்கால் 'கீப் அன் ஐ ஆன்' என ஒரு கண்ணும், காணுதலைக் கூறுங்கால் 'செட் ஐஸ் ஆன்' என இரு கண்ணும் வருதற்குக் காரணம் தேடுதல் வீண் முயற்சி. அவை மரபாக ஓதி உணரத்தக்கன.

இனித் தமிழின் நிலையை நோக்குவோம். அஃறிணைப் பெயர் 'கள்' என்னும் இறுதியை ஏற்றும் வரும், ஏலாதும் வரும் என்பது தொல்காப்பியப் பெயரியலாற் பெறப்படும். ஏலாதவழி 'மரம் வளர்ந்தது', 'மரம் வளர்ந்தன' என வினையே பாலை உணர்த்தும். பின்வந்த நன்னூலார் இத்தகையவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றார். திராவிட மொழிகளில் அஃறிணைப் பெயர்கள் பெரும்பாலும் பன்மையுருபு பெறாமல் வழங்குதலைக் கால்டுவெல்லும் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்துட் குறித்துள்ளார். ஆதலின் 'கைகுலுக்கினான்', 'கைகலந்தனர்', 'வண்டி மாறினான்', 'முறை வைத்துக் காத்தனர்' என்பனவற்றில் பெயர் உருபின்றி வினையோடு ஒன்றிவிடுகின்றது. 'கைகலந்தனர்' என்பதன் அழகை நோக்குக: கலத்தல் இருபொருளின்றி நிகழாது, எனவே பன்மை வினையின் பொருளுள்ளேயே அடங்கிற்று. 'வண்டி மாறினான்' என்பதோ இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்திற் செயப்படுபொருள் குன்றாவினையாய் நிற்பதனைத் தமிழ் தன்வினையாகிய 'மாறு' என்பதனால் முடித்து, இரண்டாம் வேற்றுமையுருபிற்கும் பன்மையுருபிற்கும் இடமின்றிச் செய்துவிடுகின்றது.

இவ்வியல்பை மறந்து 'கைகளைக் குலுக்கினார்', 'நண்பர்களை உருவாக்கினார்', 'இருக்கைகளை மாற்றினார்', 'தங்கள் உயிர்களை இழந்தனர்' என எழுதும் வழக்கம் மொழிபெயர்ப்பு நூல்களிலும் செய்தித்தாள்களிலும் மலிந்துள்ளது. 'கள்' வந்ததனால் வரும் பிழை அன்று இது. அதனோடு ஐயுருபும் வந்து, வினையோடு ஒன்றிக் கிடந்த பெயரைப் பிரித்துத் தனிப்பொருளாக்குவதே பெருங்கேடு. 'இருக்கைகளை மாற்றினார்' எனின் பழைய நாற்காலியை நீக்கிப் புதியது வாங்கினார் என்றே படும்; இடம் மாறி அமர்ந்தார் என்பது தோன்றாது. 'நண்பர்களை உருவாக்கினார்' என்பதோ நண்பரைக் குயவன் கலம் போல வனைந்தார் என்னும் எண்ணத்தைத் தருகின்றது. 'நட்புக் கொண்டார்' என்பதிலுள்ள 'கொள்' என்னும் வினை ஆங்கிலப் பன்மையும் 'வித்'தும் கூடிச் செய்யும் வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்துவிடும்.

நம் மாணவர் ஆங்கிலம் எழுதுங்கால் இதன் மறுதலை நிகழ்கின்றது. 'ஷேக் ஹாண்ட் வித்', 'சேஞ்ச் டிரெயின்' என அவர் ஒருமையால் எழுதுவது கவனக்குறைவு எனத் தள்ளப்படுகின்றது. அது கவனக்குறைவன்று, பால்பகாப் பெயரை வினையோடு ஒட்டும் தாய்மொழி மரபே அங்கு வெளிப்படுகின்றது. 'எஸ்' சேர்க்குமாறு கூறுவதோடு அமையாமல், 'ஹிஸ் ஹாண்ட்' என்பதையும் 'ஹாண்ட்ஸ் வித்' என்பதையும் இணையாகக் காட்டி, எண்ணப்படுவது கையன்று, கைகொடுத்தாரே எனப் பயிற்றுவித்தல் வேண்டும்.

'கள்' உரிமையோடு வரும் இடமும் உண்டு. 'லே ஹாண்ட்ஸ் ஆன்' என்பது அன்றாட வழக்கில் கைப்பற்றுதலையோ தேடியதொன்று கிட்டுதலையோ குறிக்கும். அங்கே 'அகப்பட்டது' என்றாலே போதும். சமயச் சடங்கில் ஒருவர் தலைமேல் இரு கையையும் வைத்து வாழ்த்துதலை அதே தொடர் குறிக்குங்கால், விவிலியத் தமிழில் 'கைகளை வைத்தல்' என வழங்குவது பொருந்துவதே. அங்கே கைகள் உண்மையாகவே கைகள், வைக்கப்படுவன அவை.