நிமோனியாவில் படுத்த அப்பாருக்கு கஞ்சி மட்டும் போதுமா?

தொண்டாமுத்தூர் பக்கம் மார்கழிப் பனி இறங்கும்போது 75 வயது அப்பாருக்கு இருமல் பிடித்து, அது நிமோனியாவாகி, கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் உங்கள் வாட்ஸ்அப்புக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது. ஆல்புமின் 2.6, யூரியா 58. "புரதம் கம்மின்னா, ஆல்புமின் ஏத்திடலாமா டாக்டர்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆல்புமின், கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதம். சாதாரணமாக டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் இருக்கும். தொற்று வந்ததும் கல்லீரல் இதன் உற்பத்தியைக் குறைத்து, சிஆர்பி போன்ற புரதங்களைச் செய்யப் போய்விடுகிறது. ரத்தக்குழாயிலிருந்தும் ஆல்புமின் கசிகிறது. ஆகவே 2.6 என்பது நேற்றைய சாப்பாட்டுக் கணக்கு இல்லை. நோய் எவ்வளவு கடுமை என்பதன் அடையாளம். ஆல்புமின் ஏற்றினால் எண் உயரும், நிமோனியா அதனால் குணமாகாது.

யூரியா?

புரதம் உடையும்போது மிஞ்சும் கழிவு அது. உடலில் நீர் வற்றினாலும், சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். நிமோனியாவின் கடுமையை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் 'கர்ப்-65' கணக்கில் யூரியா 42-ஐத் தாண்டினால் ஒரு மதிப்பெண். மனக்குழப்பம், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், 65 வயது ஆகியவற்றுக்கும் தலா ஒன்று. மூன்றைத் தொட்டால் ஆபத்து அதிகம். (வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், குழப்பமான பேச்சு மட்டுமே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு.)

வெளியே தெரியாமல் கரைவது தசை. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது. தொற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சளியை இருமித் துப்பவும் தசைதான் வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுப் பத்தியம் இடிக்கிறது. நோயுற்ற முதியவருக்கு எடைக் கிலோவுக்கு தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கிறார்கள் ஊட்டச்சத்து நிபுணர்கள். 50 கிலோ அப்பாருக்கு 60 கிராமாவது வேண்டும். தண்ணியான அரிசிக் கஞ்சி நாலு டம்ளர் குடித்தாலும் 10 கிராம் தேறுவது கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகக் கொடுக்கலாம்.

இதனால் பலன் உண்டா? சுவிட்சர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019-ல் வெளியான 'எஃபர்ட்' ஆய்வில், ஆளுக்கேற்ற உணவுத் திட்டம் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7 சதவீதம். வழக்கமான ஆஸ்பத்திரி சாப்பாட்டில் 10 சதவீதம். ஆனால் அதில் பலவகை நோயாளிகள் இருந்தார்கள், நிமோனியா மட்டும் இல்லை.

சிறுநீரக நோய் இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது புரையேறினால் ஊட்டுவதை அப்படியே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.