மாத்திரைக்கு எதற்குச் சட்டை?

பிள்ளைகளே, அரவேணுவில் என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. ரத்த அழுத்த மாத்திரையை அம்மியில் நுணுக்கித் தேநீரோடு குடித்தார். ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஏன் தெரியுமா?

சில மாத்திரைகளின் மேல் வழவழப்பான தோல் இருக்கும். பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலம் அது. மரக்கூழில் கிடைக்கும் செல்லுலோஸிலிருந்தும் அதைச் செய்வார்கள்.

நம் நீலகிரியின் நடுவட்டத்தில் முன்பு சிங்கோனா பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். மலேரியா மருந்து. அப்பப்பா, என்ன கசப்பு! அந்தக் கசப்பை மறைக்கச் சர்க்கரைப் பூச்சே போதும். இன்றைய படலத்துக்கு வேலை அதிகம்.

வயிற்று எரிச்சலுக்குத் தரும் பேன்டோபிரசோல், இரைப்பை அமிலம் பட்டால் கெட்டுவிடும். அதன் படலம் அமிலத்தில் கரையாது. சிறுகுடலில் அமிலம் குறைந்ததும் கரைந்து வழிவிடும். கெட்டிக்காரக் காவல்காரன்!

இன்னொரு வகைப் படலம் கரையவே கரையாது. தேயிலைப் பையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நீர் உள்ளே போகும். சாயம் மெல்ல வெளியே வரும். பை அப்படியே இருக்கும். இதிலும் நுண்துளைகள் வழியே மருந்து பல மணி நேரம் கசியும். வெறும் கூடு மலத்தோடு போய்விடும்.

பாட்டி நுணுக்கியது இந்த வகையைத்தான். நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிட்டது!

உங்கள் தாத்தா பாட்டியின் மாத்திரை அட்டையில், பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்', 'இஆர்' என்ற ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் நுணுக்க விடாதீர்கள். விழுங்க முடியவில்லை என்று மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து எழுதித் தருவார். எங்கள் பாட்டிக்கும் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள்.