பைக்காரா கரன்ட்டும் பத்தாவது போஸ்ட் பல்பும்!

ஊட்டியில் கூடலூர் பஸ்ஸைப் பிடித்து, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, சுமார் இருபது கிலோமீட்டர் போனால் பைக்காரா. ஏரி, போட் ஹவுஸ், அருவி, மூணு ஸ்வெட்டர் போட்டாலும் நடுங்க வைக்கிற குளிர்... காலேஜ் டூரில் க்ரூப் போட்டோ எடுத்த இடமாச்சே, மறக்குமா என்ன?

அந்த போட்டோவுக்குப் பின்னால் இருக்கிற தண்ணிக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. சி.பி.ராமசாமி ஐயர் சென்னை மாகாண அரசில் சட்ட உறுப்பினராக இருந்த 1920-களில் முனைந்து கொண்டுவந்தது பைக்காரா நீர்மின் திட்டம். 1932-ல் மின்சாரம் வந்தது. இந்தத் தண்ணீர் மூவாயிரம் அடிக்கும் மேல் குழாயில் விழுந்து, மசினகுடி பக்கத்தில் இருக்கிற சிங்காரா பவர் ஹவுஸில் டர்பைனைச் சுற்றியது. கோயம்புத்தூர் மில்கள் கிடுகிடுவென வளர்ந்ததற்கு இந்தக் கரன்ட்டும் ஒரு முக்கியக் காரணம். 2005-ல் இதே தண்ணியை நம்பி 150 மெகாவாட் நிலையம் ஒன்றும் வந்தது.

சரி, இப்போ ஒரு சின்ன கற்பனை. நீங்க இந்த மலைப்பக்கத்துப் பையன் அல்லது பொண்ணு. ஊட்டியில் காலேஜ் முடித்து, கடைசி பஸ்ஸில் வந்து இறங்குறீங்க. மணி ஏழு. மூடுபனியில் கையை நீட்டினால் கை தெரியலை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்கணும். ஒன்பது போஸ்ட் வரைக்கும் லைட் எரியுது. பத்தாவது போஸ்ட்டில் பல்ப் ஃப்யூஸ். அதற்குத் தாண்டி போஸ்ட்டே கிடையாது. அந்த இருட்டில் நிற்கிறது புதரா, காட்டெருமையா... பக்கத்தில் போனால்தான் தெரியும்!

கரன்ட் பிறந்த மண்ணில், காலேஜ் விட்டு வர்றவங்களுக்கு ஒரு பல்ப் இல்லை. யாரைக் கேட்கணும்? இ.பி-யையா, கலெக்டரையா, எம்.எல்.ஏ-வையா?

முதலில் கேட்க வேண்டியது உங்க ஊராட்சியை. "ஐயோ, பஞ்சாயத்து மேட்டரா? மொக்கை!" என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. கொஞ்சம் பொறுங்க. மொக்கையாகத் தெரிகிற அந்த நோட்டுப் புத்தகத்துக்குள்தான் உங்க பல்ப் இருக்கு.

ரயில் விட்ட போர்டு!

உங்க தாத்தாவிடம் "ஜில்லா போர்டு" என்று சொல்லிப் பாருங்க. "ஜில்லா போர்டு ஸ்கூல்ல படிச்சவன் நான்" என்று ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பார். 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளூர் சுயாட்சி பற்றித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884-ல் சென்னை மாகாணத்துக்கு லோக்கல் போர்டு சட்டம் வந்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்திரம் எல்லாம் இந்த போர்டுகளின் பொறுப்பு. நில வரியோடு சேர்த்து வசூலித்த 'செஸ்'தான் முக்கிய வருமானம்.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒருபடி மேலே போய், தனியாக ரயில்வே செஸ் வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. வருஷம் 1894! ஊர்ப் பணம் ஊர்க்காரங்க கண்ணுக்கு முன்னால் தண்டவாளமாக நீண்ட கதை இது.

1958-ல் புதுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1993 ஏப்ரல் 24-ல் அரசியல் சாசனத்தின் 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு செக்கும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். அவர் மட்டும் தனியாகப் போட முடியாது, துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அது தெரியுமா உங்களுக்கு?

பர்ஸுக்குள் என்ன இருக்கு?

ஊராட்சியின் வரவு செலவு ஒன்றும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற உங்க பர்ஸ் மாதிரிதான்.

சொந்தச் சம்பாத்தியம்: நீங்க ட்யூஷன் எடுத்துச் சம்பாதிக்கிற காசு மாதிரி. ஊராட்சிக்கு வீட்டு வரி, தொழில் வரி, விளம்பர வரி, குடிநீர்க் கட்டணம், கடைகளுக்கான உரிமக் கட்டணம். இதில் தொழில் வரி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சாசனமே கோடு போட்டிருக்கு.

வீட்டிலிருந்து வருகிற மணியார்டர்: மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும். மாநில நிதி ஆணையத்தின் சிபாரிசுப்படி இந்தப் பங்கு முடிவாகும். 2017-க்குப் பிறகான கணக்கில் கிராமங்களுக்கு 56, நகரங்களுக்கு 44 என்ற விகிதத்தில் பிரித்தார்கள்.

மாமா கொடுக்கிற காசு: "இந்தா வெச்சுக்கோ. ஆனா புக் மட்டும்தான் வாங்கணும், சினிமாவுக்குப் போகக் கூடாது!" அப்படி ஒரு மாமா எல்லார் வீட்டிலும் இருப்பார் இல்லையா? ஊராட்சிக்கு அந்த மாமா, மத்திய நிதி ஆணையம். 15-வது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கும் கிராம உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று முடிச்சுப் போட்டுத்தான் வந்தது. மீதி 40 சதவிகிதத்தில்தான் ஊர் தன் தேவையைப் பார்த்துச் செலவு செய்ய முடிந்தது.

ஆக, பாஸ்புக்கில் லட்சக்கணக்கில் பணம் இருந்தாலும், "பல்ப் மாட்ட காசு இல்லைப்பா" என்று தலைவர் சொல்வது சில நேரம் நிஜமாகவே இருக்கலாம். சில நேரம் சால்ஜாப்பாகவும் இருக்கலாம். எது நிஜம், எது சால்ஜாப்பு என்று கண்டுபிடிக்கத்தான் நீங்க கணக்குப் பார்க்கத் தெரிஞ்சுக்கணும்.

ரெண்டாம் நம்பர் கணக்கு

பயப்படாதீங்க, இது கறுப்புப் பணம் இல்லை! தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பணத்தைக் கணக்கு எண் போட்டுப் பிரித்து வைப்பது வழக்கம். ஒன்றாம் நம்பர், பொது நிதி. மூன்றாம் நம்பர், திட்டப் பணம். நடுவில் இருக்கிற இரண்டாம் நம்பர் எதற்கு? மின் கட்டணமும், குடிநீர் வாரியத்துக்கான கட்டணமும் கட்ட!

தெருவிளக்குக்கும் தண்ணி மோட்டாருக்கும் ஊராட்சி இ.பி-க்கு பில் கட்டியே ஆகணும். கட்ட மறந்து இந்தப் பணத்தை வேறு எதற்கும் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகவே தனிக் கணக்கு. பைக்காரா தண்ணி சுத்தின டர்பைனில் பிறந்த கரன்ட்டுக்கு, பவர் ஹவுஸுக்குப் பக்கத்து ஊர்க்காரங்களும் யூனிட் கணக்கில்தான் காசு கட்டுறாங்க.

இன்னும் கொஞ்சம் யோசிங்க. மின்சாரம் விற்ற பணம் மின் கழகத்துக்கு. போட் டிக்கெட் பணம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. ரோடு தேசிய நெடுஞ்சாலைத் துறைக்கு. நாம டூர் போய்ச் சாப்பிட்டுப் போட்ட தட்டும், சிப்ஸ் பாக்கெட்டும் மட்டும் உள்ளாட்சிக்கு! பெரிய பணம் எல்லாம் மேலே இருக்கிற ஆபீஸ்களுக்குப் போகுது. கூட்டுகிற வேலையும் விளக்கேற்றுகிற வேலையும் சின்ன ஆபீஸில் நிற்குது. சீஸனில் ஊட்டிக்குக் கூட்டம் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தார்கள் என்றால், அந்தச் சின்ன ஆபீஸின் சுமையை யோசிச்சுப் பாருங்க.

சட்டத்தில் இருக்கிற இருட்டு

இப்போ நம்ம பத்தாவது போஸ்ட்டுக்கு வருவோம். 1994 சட்டத்தின் 110-வது பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லுது. ஊர் ரோடு, சாக்கடை, குடிநீர், சுடுகாடு, இடுகாடு. அதோடு, வீடுகள் கட்டியிருக்கிற குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு.

அடுத்த 111-வது பிரிவு, நிதி இருந்தால் செய்யலாம் என்கிற வேலைகளின் பட்டியல். மரம் நடுவது, சந்தை, படிப்பகம், விளையாட்டு மைதானம்... அந்தப் பட்டியலில்தான் இதுவும் இருக்கு: குடியிருப்பு இல்லாத இடங்களில் விளக்கு.

சமவெளியில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. தெரு முடிகிற இடத்தில் அடுத்த தெரு ஆரம்பிக்கும். மலையில் அப்படியா? இங்கே பத்து வீடு, அப்புறம் அரை கிலோமீட்டர் தேயிலைக் காடு, ஒரு வளைவு, ஒரு சோலை, அதற்கப்புறம் இன்னொரு பத்து வீடு. யானையும் காட்டெருமையும் நடக்கிறது வீட்டு வாசலில் இல்லை, அந்த நடு அரை கிலோமீட்டரில்தான். எங்கே விளக்கு ரொம்ப அவசியமோ, அங்கேதான் சட்டம் "கட்டாயம்" என்பதை விட்டுவிட்டு "முடிஞ்சா செய்" என்கிறது.

இதில் ரெண்டு பாடம் இருக்கு. பத்தாவது போஸ்ட்டின் ஃப்யூஸ் போன பல்ப், ஊராட்சியின் கடமை. தைரியமாகக் கேளுங்க. அதைத் தாண்டி புது போஸ்ட் வேணும் என்றால், ஊர் சேர்ந்து "இது எங்களுக்கு முக்கியம்" என்று முடிவு எடுக்கணும். அந்த முடிவு எடுக்கிற இடம்தான் கிராம சபை.

நீங்களும் உறுப்பினர்தான்!

பதினெட்டு வயசு ஆச்சா? ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கா? கங்கிராட்ஸ்! நீங்க கிராம சபையின் உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம், யாரும் நீக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த கிராம சபை நாட்களோடு, 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தது. மொத்தம் ஆறு நாள்.

நடுவட்டம், சோலூர் மாதிரி உங்க ஊர் பேரூராட்சியா? அங்கே கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாக வார்டுகளில் பகுதி சபா. 2022 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டில் முதன்முறையாகக் கூடியது.

கூட்டம் எப்படி இருக்கும்? உண்மையைச் சொன்னால், போர் அடிக்கும். "பொருள் எண் ஒன்று, வரவு செலவு விவரம்" என்று செயலர் கடகடவென வாசிப்பார். மோட்டார் ரிப்பேர், ப்ளீச்சிங் பவுடர், பைப் மாற்றிய கூலி... பாதிப் பேர் டீ எப்போ வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு வருஷப் பணம் "சரி" என்ற ஒரே வார்த்தையில் நிறைவேறும். மொபைலை உள்ளே வைத்துவிட்டுக் காதைக் கொடுங்க.

கைக்கு அடக்கமாக நாலு கேள்வி:

1. போன வருஷம் வீட்டு வரி எவ்வளவு வரணும், எவ்வளவு வசூலாச்சு?
2. தெருவிளக்கு எத்தனை? எரிகிறது எத்தனை? பில் எவ்வளவு?
3. முடிச்சுப் போடாத பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாச்சு?
4. நாங்கள் சொல்வது தீர்மானப் புத்தகத்தில் எந்த எண்ணில் ஏறியிருக்கு?

நாலாவதுதான் மாஸ்டர் கேள்வி. வாயால் சொன்னது காற்றோடு போயிடும். எண் போட்டு எழுதினது அடுத்த கூட்டத்துக்கும் வரும்.

ஊராட்சியின் திட்டமும் செலவும் 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏறுது. அதிலும் கிடைக்காததற்கு 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். கேன்டீனில் ஒரு டீ செலவு!

நாற்காலி காலியாக இருந்தால்?

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராமப்புறத் தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர்கள். தேர்தல் நடத்தவில்லை என்று மத்திய அரசு நிதி ஆணைய மானியத்தை நிறுத்திவைத்தது. நீலகிரி உட்பட, 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் மறுபடி 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தலைவர் பதவிக்கு ஐந்து வருஷம் கெடு உண்டு. தனி அலுவலருக்கு டிரான்ஸ்ஃபர் உண்டு. கிராம சபைக்கு இரண்டும் கிடையாது. நாற்காலி காலியாக இருக்கிற காலத்திலும் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும், இ.பி. பில் வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது கேள்வி கேட்க மிச்சம் இருக்கிற ஒரே ஆள், பட்டியலில் பேர் இருக்கிற நீங்கதான்.

ஒரே கூட்டத்தில் பல்ப் எரிந்துவிடும் என்று சொல்லி உங்களுக்கு பல்ப் கொடுக்க மாட்டேன். ரெண்டாவது கூட்டத்துக்கும் போகணும். "போன தடவை தீர்மானம் எண் இத்தனை, என்னாச்சு?" என்று கேட்கணும். மூணாவது கூட்டத்தில் உங்களைப் பார்த்ததுமே, "அந்தப் பத்தாவது போஸ்ட் புள்ளை வந்துடுச்சு" என்று செயலர் நோட்டைப் புரட்டுவார்.

1894-ல் ஒரு ஜில்லா போர்டு ரயிலே விட்டிருக்கு. நாம கேட்கிறது ஒரு பல்ப். அதற்குத் தாண்டி நாலு போஸ்ட். அடுத்த கிராம சபை எப்போ என்று காலண்டரில் ஒரு வட்டம் போடுங்க. போகும்போது தனியாகப் போகாதீங்க. கடைசி பஸ்ஸில் உங்களோடு இறங்குகிற நாலு பேரையும் கூட்டிட்டுப் போங்க!